தினமும் ஓட்டுற சைக்கிளுக்குப் போட்ட பார்ட்ஸ்: எது தேறிச்சு, எது தேறல

வேலைக்குப் போக சைக்கிள் செட் பண்றவங்க பாதிப் பேர் முதல்ல கேக்குறது எடை எவ்ளோ, எத்தனை கியர், எவ்ளோ ஸ்பீடு போகும்னுதான். லீவு நாள்ல ஜாலியா ஓட்டுற வண்டிக்கு அது சரி. தினமும் போற வண்டிக்கு நான் ஒரே ஒரு விஷயத்தத்தான் பாப்பேன், கிளம்புற நேரத்துல இதப் பத்தி யோசிக்க எதாவது இருக்கா இல்லையா. லைட்ல சார்ஜ் இருக்கா, மழை வந்தா பேண்ட் என்னாகும், காத்து இறங்கியிருக்கா, லேப்டாப் நனையுமா, செயின் கறை ஒட்டுமா... இதுல ஒவ்வொண்ணும் ஒரு சாக்கு, ரெண்டு மூணு சேந்துச்சுன்னா அன்னிக்கு சைக்கிள் அங்கயே நின்னுடும். அதனால இந்த ரிவ்யூ முழுக்க எந்தப் பார்ட் எந்தக் கவலைய ஒழிச்சுச்சுங்கறதுதான் கணக்கு. எடையப் பத்திப் பெருசா பேசப் போறதில்ல.

அடிப்படை வண்டி ரொம்ப சாதாரணம், ஸ்டீல் ஃப்ரேம், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், 622 வீல் (இந்த நம்பர் என்னன்னு டயர் பத்திப் பேசுறப்போ சொல்றேன்). ஃப்ரேம் வாங்கும்போது நான் பாத்தது ரெண்டே விஷயம். பின்னாடி ஆக்ஸில் பக்கத்துலயும் முன் ஃபோர்க் அடியிலயும் மட்கார்டு, கேரியர் போல்ட் போட மரை போட்ட ஓட்டை இருக்கணும், அப்புறம் 40 மில்லிமீட்டர் டயர் போட்டு அதுக்கு மேல மட்கார்டும் நுழையுற அளவுக்கு இடம் இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாத ஃப்ரேம்ல அப்புறம் நீங்க எவ்ளோ செலவு பண்ணாலும் கிளிப்பு, பெல்ட்டு, ஜிப் டைன்னு ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும். முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க் இருக்குற வண்டிய ஆபீஸ் போறதுக்குன்னு விக்கிறாங்க, எனக்கு அதுல துளியும் சம்மதம் இல்ல. எடை கூடும், மட்கார்டு ஒழுங்கா மாட்ட வழி இருக்காது, உள்ள இருக்குற சீல் கொஞ்ச நாள்ல தேஞ்சு பராமரிப்பு கேக்கும். அகலமான டயர்ல காத்த கொஞ்சம் கம்மியா வச்சாலே தார் ரோட்டு குண்டு குழிக்குப் போதும்.

சரி, மொதல்ல லைட்டு. மொத்த செட்டப்புலயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அதனால இங்க கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

இதுக்கு முன்னாடி சார்ஜ் போடுற லைட்தான் வச்சிருந்தேன், கம்பெனி பேரு வேணாம். சார்ஜ் போடுற ஓட்டைய மூடியிருக்குற ரப்பர் மூடி கொஞ்ச நாள்ல தளந்துபோச்சு, மழையில தண்ணி உள்ள போயி பட்டன் அமுக்கினா மூணு தடவை மினுக்கிட்டு அணைஞ்சிடும். அது சரியா இருந்த காலத்துலயும் தினமும் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போறது, சார்ஜ் போடுறது, மறுபடி மாட்டுறதுன்னு ஒரே வேலை. அதத் தூக்கிட்டு முன் வீல்ல ஷிமானோவோட ஹப் டைனமோ போட்டேன் (ஹப்புன்னா வீலுக்கு நடுவுல ஸ்போக்ஸ் எல்லாம் வந்து சேர்ற உருளை). டயர் பக்கவாட்டுல உரசிக்கிட்டு கிர்ர்ருனு கத்துற பழைய டைனமோவ மனசுல வச்சு பயப்படாதீங்க, அது மழையில வழுக்கும், மிதிக்கவும் கனமா இருக்கும். இது அப்படியில்ல, ஹப்புக்குள்ளயே காந்தமும் சுருளும் இருக்கு, வீல் சுத்தினாலே கரண்ட் வரும், சத்தமே கிடையாது. 6 வோல்ட், 3 வாட், அதான் ஸ்டாண்டர்ட் அளவு, அதனால எந்தக் கம்பெனி டைனமோ லைட்டா இருந்தாலும் இதுல ஓடும். லைட் எரியுறப்போ நம்ம மிதியிலேர்ந்து அது எடுத்துக்கறது சில வாட்தான், எதிர்காத்துல போறப்போ நீங்க படுற பாட்டுக்கு முன்னாடி அது கணக்குலயே வராது. பகல்லயும் அணைக்காம அப்படியே விட்டுடறேன்.

லைட்டு பூஷ் அண்ட் மியூலர் ஐக்யூ-எக்ஸ், 100 லக்ஸ் (ரோட்டுல விழுற வெளிச்சத்தோட அளவு). ஜெர்மனியில சைக்கிள் லைட்டுக்குன்னு தனி சட்டமே இருக்கு, எதுத்தாப்ல வர்றவங்க கண்ணு கூசக் கூடாது, அதனால அங்கருந்து வர்ற லைட்டுல வெளிச்சத்தோட மேல் பக்கம் கத்தியால வெட்டின மாதிரி நேர்கோட்டுல நின்னுடும். எல்லாம் கீழ ரோட்டு மேலதான் விழும். இத ஒரு தடவை இருட்டுல ஓட்டிப் பாத்தீங்கன்னா மத்த டார்ச் லைட்டெல்லாம் வேஸ்டுன்னு தோணும், ஏன்னா டார்ச்சு வெளிச்சத்துல பாதி மரத்து மேலயும் எதுத்தாப்ல வர்றவர் மூஞ்சி மேலயும்தான் போகுது. இதுல ரோட்டுல கிடக்குற சின்னக் கல்லுக்குக் கூட பின்னாடி ஒரு நீள நிழல் விழும், அத வச்சே மேடா பள்ளமான்னு தெரிஞ்சிடும். சிக்னல்ல நின்னா அணைஞ்சிடுமேன்னு கேப்பீங்க, உள்ள கரண்ட சேத்து வைக்கிற ஒரு கெபாசிட்டர் இருக்கு, நின்னப்புறமும் சில நிமிஷம் மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பின்னாடி சிவப்பு லைட்டும் அப்படித்தான்.

குறை இல்லாம இல்ல. ஹப்ப மட்டும் வாங்கி மாட்ட முடியாது, வீலையே அவுத்து ஸ்போக்ஸ் கோத்து பெண்டு எடுக்கணும், இல்லன்னா டைனமோ ஹப்போட கோத்த முழு வீலா வாங்கணும். ஷிமானோ ஹப்புல வயர் மாட்டுற முனை வலது பக்கம் வர்ற மாதிரி வீல மாட்டணும், கழட்டி மாட்டுறப்போ திருப்பிப் போட்டுடாதீங்க. பின் லைட்டுக்குப் போற வயர ப்ரேக் கேபிளோட சேத்து ஃப்ரேம் அடியிலயே கொண்டுபோங்க, ஹேண்டில்பார் திரும்புற இடத்துல மட்டும் ஒரு விரல் நுழையுற அளவுக்கு தொளதொளன்னு விடுங்க. அந்த இடத்துல இறுக்கிக் கட்டினா ஹேண்டில் திரும்பத் திரும்ப வயர் உள்ளுக்குள்ளயே அறுந்துடும், வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், லைட் மட்டும் எரியாது.

அடுத்து மட்கார்டு. சீட் தண்டுல கிளிப் மாட்டுற குட்டி மட்கார்ட எல்லாம் மட்கார்டு கணக்குலயே நான் சேக்கறதில்ல. அது முதுக மட்டும்தான் காப்பாத்தும். மழையில நிஜமா நம்மள நனைக்கிறது முன் வீல்தான், அது அள்ளி அடிக்கிற தண்ணி நேரா ஷூ மேலயும் செயின் மேலயும் பெடல் அச்சு இருக்குற இடத்துலயும்தான் விழுது. முழு நீள மட்கார்டு, அதுலயும் முன் மட்கார்டு முனையில தரைக்குக் கிட்ட வரைக்கும் தொங்குற ஒரு ரப்பர் பட்டை, இது ரெண்டும் இருந்தா மழை விட்டப்புறம் ஈர ரோட்டுல சாதாரண செருப்பு, சாதாரண பேண்ட்டோட போலாம், கால் நனையாது. செயின்லயும் மண்ணு சேராது.

நான் போட்டது எஸ்கேஎஸ் க்ரோமோபிளாஸ்டிக்ஸ், பிளாஸ்டிக்குக்கு நடுவுல அலுமினியத் தகடு வச்சது. வளைஞ்சாலும் ஒடையல, அது ஒரு பெரிய விஷயம். அகலம் டயர விட ஒரு 8லேர்ந்து 10 மில்லிமீட்டர் கூட இருக்கணும், 37 டயருக்கு 45 மட்கார்டு கரெக்டா உக்காருது. இதுல இன்னொரு நல்ல விஷயம், முன் மட்கார்டு கம்பி ஃபோர்க்குல மாட்டுற இடத்துல ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கு, குச்சியோ கல்லோ டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல மாட்டினா அந்தக் கிளிப் தானா கழண்டுக்கும், வீல் லாக் ஆகாது. முன் வீல் லாக் ஆனா ஆளு தலைகுப்புறத்தான் விழணும், அதனால இந்தக் கிளிப் இல்லாத முன் மட்கார்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாட்டுறதுதான் கொஞ்சம் பொறுமையான வேலை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இடைவெளி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி வர வரைக்கும் கம்பிய ஏத்தி இறக்கிப் பாக்கணும், ஃப்ரேமத் தொடுற இடத்துல ரப்பர் வாஷர் போடணும், இல்லன்னா கடகடன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது நம்ம பொறுமைய சோதிச்சிடும். மிச்சமா நீட்டிக்கிட்டு இருக்குற கம்பி முனைய வெட்டி அதோட குடுக்குற மூடிய கண்டிப்பா போட்டுடுங்க, கால்ல கிழிக்கும்.

டயர்: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ். இதப் பத்தி ரெண்டு கட்சி இருக்கு, ஒருத்தர் கல்லு மாதிரி இருக்கும்பார், இன்னொருத்தர் இத விட்டா வேற டயரே இல்லம்பார். ரெண்டும் உண்மைதான். ரோட்டத் தொடுற ரப்பருக்கு அடியில 5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு நீலப் பட்டை இருக்கு, கண்ணாடித் துண்டோ குண்டூசியோ குத்தினாலும் அதத் தாண்டி ட்யூப் வரைக்கும் போறது ரொம்ப அபூர்வம். நான் அப்பப்போ டயரப் பாத்து குத்திக்கிட்டு இருக்குற கண்ணாடிச் சில்ல நகத்தாலயோ சின்ன ஸ்க்ரூட்ரைவராலயோ நோண்டி எடுத்துடுவேன், அடியில நீல நிறம் எட்டிப் பாக்கும், அவ்ளோதான், காத்து அப்படியே இருக்கும். விலையா நீங்க குடுக்குறது எடை, ஒரு டயரே கிட்டத்தட்ட 900 கிராம் வரும், கிளம்புறப்போ வண்டி கொஞ்சம் மந்தமாத்தான் நகரும். ரோடு சுத்தமா இருக்குற ஊர்ல இருக்குறவங்களுக்கு இது தேவையில்ல, அதே கம்பெனியோட சாதா மாரத்தான்ல 3 மில்லிமீட்டர் பட்டை, அது போதும், ஓட்டவும் இன்னும் லேசா இருக்கும்.

மாரத்தான் பிளஸ்ஸ ரிம்ல ஏத்துறது ஒரு தனி யுத்தம். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட வந்து முடிங்க, கடைசித் துண்டு ஏறலன்னா ஏற்கெனவே ஏறின பக்கத்த எல்லாம் சுத்தி வந்து ரிம்மோட நடுப் பள்ளத்துக்குள்ள அமுக்கி விடுங்க, அப்ப கொஞ்சம் தளர்வு கிடைக்கும். லீவர் போட்டு நெம்பினா ட்யூப் கடிபடும்.

சைஸ் விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன், நிறைய பேர் குழம்புற இடம். டயர் பக்கவாட்டுல 37-622ன்னு இருக்குற நம்பர மட்டும் நம்புங்க, 37 அகலம், 622 ரிம்ல உக்காருற இடத்தோட விட்டம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. 700சி, 29 இஞ்ச் எல்லாமே இந்த 622தான், 28 இஞ்ச்சுன்னு போட்டு வர்றதுலயும் பாதி இதேதான், ஆனா பழைய மாடல் வண்டிகள்ல வர்ற 28 இன்ட்டு ஒன்றரை வேற, அது 635, இதுல ஏறவே ஏறாது. 26 இஞ்ச்லயும் அதே கதை, மலை சைக்கிளுக்கு 559, பழைய சாதா சைக்கிளுக்கு 590. இஞ்ச் கணக்கச் சொல்லி ஆர்டர் போட்டா திருப்பி அனுப்புற வேலைதான் மிச்சம். காத்த பொறுத்தவரை டயர்ல போட்டிருக்குற அதிகபட்ச அளவு வரைக்கும் அடிக்கணும்னு ஒண்ணும் இல்ல, ஆள் எடை, லக்கேஜ் பாத்து நடுவுல வச்சா ஓட்டம் மெத்துன்னு இருக்கும்.

கியர் ஷிமானோ நெக்ஸஸ் 8, பின் ஹப்புக்குள்ளயே கியர் எல்லாம் அடங்கினது. சின்ன கியர விட பெரிய கியர் 3.07 மடங்கு (ஸ்பெக்ல 307 சதவீதம்னு போட்டிருக்கும்), மேம்பாலம் ஏறுறதுக்கும் சமதரையில விரட்டுறதுக்கும் தாராளம். எனக்கு இதுல பிடிச்ச ஒரே விஷயத்துக்காகவே மறுபடியும் இதையே வாங்குவேன்: நின்ன இடத்துலயே கியர் மாத்தலாம். சிக்னல்ல திடீர்னு நிக்க வேண்டி வந்தா செயின் கியர்ல (செயினே ஒரு பல் சக்கரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவுற சாதா கியர்) பெரிய கியர்லயே மாட்டிக்கிட்டு முக்கி முக்கிக் கிளம்பணும், இதுல நின்னுக்கிட்டே ரெண்டாவதுக்குக் கொண்டு வந்துட்டு ஜம்முனு கிளம்பலாம். ஓட்டத்துல மாத்துறப்போ மட்டும் ஒரு நொடி மிதிய லேசாக்கணும், அழுத்திக்கிட்டே மாத்தினா உள்ள கரகரங்கும்.

அட்ஜஸ்ட் பண்றது ரொம்ப சுலபம், நாலாவது கியர்ல வச்சுட்டு ஹப் பக்கத்துல பாத்தா ரெண்டு மஞ்சக் கோடு தெரியும், ரெண்டும் நேருக்கு நேர் நிக்கிற வரைக்கும் கேபிள் திருகிய திருப்பினா முடிஞ்சுது. கஷ்டம் எங்கன்னா பின் வீல் கழட்டுறது. கியர் கேபிள அவுக்கணும், 15 நம்பர் ஸ்பேனர் வேணும், வழியில நின்னு செய்யுற வேலை இல்ல அது. அதனாலதான் பின் டயருக்கு மட்டுமாவது மாரத்தான் பிளஸ்தான் போடணும்னு நான் அடிச்சுச் சொல்றேன், இந்த ஹப்பும் அந்த டயரும் ஜோடியா வாங்க வேண்டிய ஐட்டம். மேடு பள்ளம் இல்லாத ஊர்னா எட்டு கியரே வேணாம், ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியர் ஹப்பு போதும், 1902ல ஆரம்பிச்ச கம்பெனி, இன்னிக்கும் கிட்டத்தட்ட அதே தத்துவத்துலதான் ஓடுது. நடு கியர் நேரடி, கீழ் கியர் கால் பங்கு லேசு, மேல் கியர் மூணுல ஒரு பங்கு வேகம்.

கேரியர் டூபஸ் லோகோ, பை ஆர்ட்லிப் பேக்-ரோலர். முதுகுல பை மாட்டிக்கிட்டு ஓட்டினா சட்டை முதுகோட ஒட்டிக்கும், அது ஒண்ணுக்காகவே கேரியர் வேணும். லோகோவுல பை மாட்டுற கம்பி கொஞ்சம் கீழயும் பின்னாடி தள்ளியும் இருக்கு, அதனால பெரிய பை மாட்டினாலும் மிதிக்கிறப்போ குதிகால் இடிக்காது, எடையும் கீழயே இருக்கறதால வண்டி ஆடாது. பையோட வாய சுருட்டி கிளிப் போடணும், அவ்ளோதான், கொட்டுற மழையிலயும் உள்ள இருந்த நோட்டு புத்தகம் காஞ்சபடியே இருந்துச்சு. ஒண்ணு 20 லிட்டர். குறை என்னன்னா உள்ள அறையே இல்லன்னு சொல்லலாம், சாவி சார்ஜர் எல்லாம் அடியில போய் உக்காந்துக்கும், லேப்டாப்புக்கு தனியா ஒரு மெத்தை உறை போட்டுத்தான் வைக்கணும், ஏன்னா பைல அதிர்ச்சி தாங்குறதுக்கு எதுவும் கிடையாது. கேரியர் போல்ட் எல்லாம் எம்5, நாலு நம்பர் ஆலன் கீ. அதுல நீல நிற திரெட் லாக்கர் (போல்ட் தானா கழண்டுக்காம பிடிச்சுக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு மாட்டுங்க, அதுக்கப்புறமும் அப்பப்போ கையால ஆட்டிப் பாத்துக்கோங்க.

சீட்டுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. ப்ரூக்ஸ் பி17 தோல் சீட்ட எல்லாரும் கொண்டாடுறாங்க, 1866லேர்ந்து இருக்குற கம்பெனி, பழகினப்புறம் ரொம்ப சொகம்தான், மறுக்கல. ஆனா வெளிய நிறுத்துற, மழையில நனையுற வண்டிக்கு அது சரிப்படாது, நனைஞ்ச தோல் மேல உக்காந்து ஓட்டினா தொய்ஞ்சு போகும், அப்ப தினமும் உறை போடணும், மெழுகு தடவணும்னு மறுபடி ஒரு கவலை. அதே கம்பெனி கேம்பியம் சி17 ரப்பர்ல பண்ணி மேல பருத்தித் துணி ஒட்டினது, அதத்தான் போட்டிருக்கேன், துடைச்சா போதும். மெத்துன்னு இருக்காது, கெட்டியாத்தான் இருக்கும், ஆனா இடுப்பெலும்பு சரியா உக்காந்துட்டா கெட்டி சீட்டுதான் வலிக்காது, விரலால அமுக்கினா உள்ள போற ஜெல் சீட்டெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல தொல்லைதான்.

எந்த சீட்டா இருந்தாலும் உயரம் சரியில்லன்னா பிரயோஜனம் இல்ல. குதிகால பெடல்ல வச்சு, பெடல் அடியில இருக்கறப்போ கால் நேரா நிக்கணும், அப்புறம் முன்பாதத்தால மிதிச்சா முட்டி லேசா மடங்கும், அதான் சரியான அளவு. முட்டிக்கு முன்னாடி வலிச்சா பெரும்பாலும் சீட்டு தாழ்வா இருக்கு, முட்டிக்குப் பின்னாடி இழுத்தா ரொம்ப உசரம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகுதுன்னா உள்ளங்கை ஓரத்துல போற நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம், எர்கான் ஜிபி1 மாதிரி இறக்கை வச்ச கிரிப் போடுங்க, அந்த எடைய உள்ளங்கை முழுக்கப் பரப்பிடும். அந்த இறக்கைய எவ்ளோ சாய்ச்சு வைக்கிறீங்கங்கறதுல தான் விஷயமே இருக்கு, மணிக்கட்டு மடங்காம நேரா நிக்கிற கோணம் வர வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி இறுக்குங்க.

ப்ரேக் கட்டை கூல்-ஸ்டாப் சால்மன், ஈரத்துல நல்லா பிடிக்குது. பூட்டுக்கு யூ லாக், ஃப்ரேமும் பின் வீலும் சேந்து உள்ள வர்ற மாதிரி போடுங்க, சின்ன யூவா வாங்குங்க, கடப்பாரை நுழைக்க இடம் இருக்கக் கூடாது. பெல்லு எதுவா இருந்தாலும் சரி, சத்தம் வந்தா போதும்.

செயினுக்கு மட்டும் ஒரு ஸ்கேல் வச்சுக்கோங்க. பின்னுக்குப் பின் அரை இஞ்ச், அதனால 24 கண்ணி சரியா 12 இஞ்ச் வரணும். ஒரு இஞ்ச்சுல பதினாறுல ஒரு பங்கு கூட வந்துச்சுன்னா மாத்திடுங்க, இல்லன்னா பல் சக்கரத்தையும் சேத்துத் தின்னுடும்.

கடைசியா சேத்தது ஹெபி செயின்கிளைடர், செயின் மேலயே மிதந்துக்கிட்டு இருக்குற பிளாஸ்டிக் கவர், ஃப்ரேம்ல போல்ட் எதுவும் வேணாம். பின்னாடி செயின் கியர் இருக்குற வண்டிக்கு ஆகாது, ஹப் கியருக்கு மட்டும்தான், முன் பல் சக்கரத்துல எத்தனை பல்லுன்னு எண்ணிப் பாத்துட்டு அதுக்குன்னு வர்ற சைஸையே வாங்கணும். மாட்டின புதுசுல லேசா உஸ்ஸுனு உரசுற சத்தம் இருந்துச்சு, இப்ப ரொம்பக் குறைஞ்சிருக்கு. வெள்ளை பேண்ட்டோட ஓட்டிப் பாத்தாச்சு, கறை இல்ல. ஒரு முழு மழைக்காலம் ஓட்டிட்டுக் கழட்டிப் பாத்து உள்ள செயின் எப்படி இருக்குன்னு இதுலயே சேத்து எழுதுறேன்.